கஞ்சிக்கோட்டில் வேலை, கோயம்புத்தூரில் காண்ட்ராக்டர்: நிலுவைச் சம்பளத்தையும் ஓ.டி.யையும் யாரிடம் கேட்பது?

எல்லைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். தம்பி விஷயமாக எழுதுகிறேன். எங்கள் வீடு கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம். அவனுக்கு வேலை அதே மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில், இரும்புக் கம்பி உருட்டுகிற ஒரு ரோலிங் மில்லில். ஆனால் மில்லின் சம்பளப் பட்டியலில் அவன் பெயர் கிடையாது. கோயம்புத்தூர் காண்ட்ராக்டர் ஒருவர் மூலமாகச் சேர்ந்தவன். ஒன்றரை வருஷம் ஆகிறது.

காலை எட்டுக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வெளியே. வாரம் ஆறு நாள். மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று பேச்சு. எட்டு மணி நேரத்துக்கு மேல் போகிற நேரத்துக்கு மணிக்கு 75 ரூபாய் போட்டு, ஓ.டி. என்று தனியாகக் கையில் கொடுப்பார்கள். இப்போது மூன்று மாதமாகச் சம்பளமும் இல்லை, ஓ.டி.யும் இல்லை.

காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. மில் ஹெச்.ஆரிடம் கேட்டால், "உன்னை வேலைக்கு வைத்தது நாங்கள் இல்லை, அவரிடமே கேள்" என்கிறார். தமிழ்நாட்டுப் பக்கம் ஓர் அலுவலகத்தில் விசாரித்தோம். வேலை நடந்தது கேரளாவில், இங்கே மனு வாங்க முடியாது என்றார்கள். ஸ்டேஷனில் சொன்னதற்கு "இது சிவில் சமாச்சாரம்" என்று அனுப்பிவிட்டார்கள். போன வாரம் காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் வீட்டுக்கே வந்து ஒரு வவுச்சரை நீட்டினான். ஒரு மாதச் சம்பளம் தருகிறோம், "முழுக் கணக்கும் பெற்றுக்கொண்டேன்" என்று ஸ்டாம்ப் மேலே கையெழுத்துப் போடு என்றான். தம்பி போடவில்லை. போட்டிருக்கலாமோ என்று அம்மா இப்போது புலம்புகிறார். என்ன செய்யலாம், சொல்லுங்க.

வாளையார் வேகம்:
கையெழுத்து கியெழுத்து எல்லாம் வேண்டாம். உள்ளே இருக்கிற மோட்டாரோ டூல்ஸோ நாலை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்க. பணம் தானாக வீட்டுக்கு வரும்.

பழைய ஃபைல்:
மேலே சொன்ன யோசனையைத் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். டூல்ஸை எடுத்த அடுத்த நிமிஷம் சம்பள பாக்கி வழக்கு திருட்டு வழக்காக மாறிவிடும். அதற்காகவே காத்திருக்கிற முதலாளிகள் உண்டு.

நான் தொழிலாளர் துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ்நாட்டுப் பக்கம்தான் வேலை பார்த்தேன் என்றாலும், எல்லைக் கேஸ்கள் மேஜைக்கு நிறைய வரும். எல்லாருக்கும் வருகிற முதல் குழப்பம், எந்த ஊரில் மனுக் கொடுப்பது என்பது. வீடு எங்கே, காண்ட்ராக்டர் ஆபீஸ் எங்கே என்று பார்க்க வேண்டாம். வேலை எங்கே நடந்ததோ அந்த ஊர் அலுவலகம்தான். தம்பிக்கு அது பாலக்காடு. ஜில்லா லேபர் ஆபீசில் மனுவைக் கொடுத்தால், விசாரிக்கிற அதிகாரி யார் என்று அவர்களே சொல்லி அனுப்புவார்கள்.

அப்புறம், யார் மேல் என்ற கேள்வி. காண்ட்ராக்டரைத் துரத்துவதிலேயே பாதிப் பேர் சோர்ந்து போகிறார்கள். மனுவில் எதிர்மனுதாரர் இரண்டு பேர்: ஒன்று காண்ட்ராக்டர், இரண்டு மில். காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது மில், கொடுத்துவிட்டு, காண்ட்ராக்டர் பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும். 1970-ம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21(4) பிரிவு இதைத்தான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 55-வது பிரிவில் இதே பொறுப்பு தொடர்கிறது. லைசென்ஸுக்காகக் காண்ட்ராக்டர் கட்டிய டெபாசிட்டிலிருந்து சம்பளம் கொடுக்க உத்தரவிடவும் அதில் இடம் இருக்கிறது.

"உன்னை நாங்கள் வைக்கவில்லை" என்று ஹெச்.ஆர். சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் மில்லின் பொறுப்பு போய்விடாது.

கணக்குப்பிள்ளை:
ஃபைல் சார், அதில் ஓர் ஓட்டை இருக்கிறதே. பழைய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதிய தொகுப்பில் அது 50. எங்களிடம் நாற்பது பேர்தான் என்று மில்காரர்கள் சொன்னால்?

பழைய ஃபைல்:
நல்ல கேள்வி. அதற்குத்தான் 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பின் 43-வது பிரிவைச் சேர்த்து எழுதச் சொல்வேன். வேலைக்கு வைத்தவர் தராவிட்டால், அந்த ஆள் எந்த நிறுவனத்தில் வேலை செய்தாரோ அதன் உரிமையாளரான கம்பெனியே பொறுப்பு என்கிறது அது. அங்கே ஆள் எண்ணிக்கைக் கணக்கு கிடையாது.

இந்தத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது கேரள அரசு எதிர்த்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எதிர்த்தரப்பு வக்கீல் "எந்தச் சட்டம்" என்று குட்டையைக் குழப்பப் பார்ப்பார். நீங்கள் அலட்டிக்கொள்ள வேண்டாம். நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள். பழைய பிரிவு, புதிய பிரிவு இரண்டையும் குறிப்பிடுங்கள். பிரிவு எண்ணைத் தப்பாகப் போட்டார் என்பதற்காக மட்டும் நியாயமான மனு தள்ளுபடி ஆகாது.

நைட் ஷிப்ட்:
எல்லைக்காரன் அண்ணா, நீங்கள் சம்பளப் பாக்கியையே பார்க்கிறீர்கள். ஓ.டி.யில்தான் பெரிய கொள்ளை. நானும் கஞ்சிக்கோட்டில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்தவன்தான், அதனால் சொல்கிறேன்.

ஓ.டி.க்கு சட்டப்படி இரட்டை ரேட். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-வது பிரிவு அன்றைக்கே சொன்னது: நாளுக்கு 9 மணி நேரமோ வாரத்துக்கு 48 மணி நேரமோ தாண்டினால் இரண்டு மடங்கு. புதிய தொகுப்பிலும் இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது. தம்பிக்குக் கொடுத்தது என்ன? 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் 600. அதை 8-ஆல் வகுத்தால் 75. அப்படியே சிங்கிள் ரேட். கொடுக்க வேண்டியது 150.

இன்னும் ஒரு கணக்குப் போடுங்கள். தினம் நாலு மணி நேரம் கூடுதல், 26 நாள், 104 மணி. இன்டு 150. எவ்வளவு? 15,600. அதாவது பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கினால் சட்டப்படி மாதம் இரண்டு சம்பளம் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கை எங்கள் ஷெட்டில் ஒருவன் சாக்பீஸால் தகரத்தில் எழுதிக் காட்டினான். சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமே பேசாமல் துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

கணக்குப்பிள்ளை:
நைட் ஷிப்ட், உங்கள் கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் மனுவில் அப்படியே போட்டால் மாட்டும். எட்டிலிருந்து எட்டு என்றால் நடுவில் சாப்பாட்டு இடைவேளை இருக்கும். அரை மணி நேரம் என்று வையுங்கள். அது வேலை நேரத்தில் சேராது. ஆக நாளுக்குப் பதினொன்றரை மணி, வாரத்துக்கு 69. அதில் 48 போக 21. மாதத்துக்குச் சுமார் 91 மணி. இன்டு 150, 13,650 ரூபாய். இதைக் கேளுங்கள். கூட்டிக் கேட்டு முதல் நாளே நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நைட் ஷிப்ட்:
இடைவேளையா? அண்ணா, ரோலிங் மில்லில் கம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது யார் இடைவேளை விடுகிறார்கள்? சூடான கம்பியை ஆறவிடுகிற கூலிங் பெட் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கண் கம்பி மேலே, ஒரு கை டிபன் பாக்ஸில். கம்பி வளைந்து வந்தால் சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். மாற்று ஆள் கிடையாது.

பழைய ஃபைல்:
அப்படியானால் அதையே எழுத வேண்டும். "இடைவேளைக்கு மாற்று ஆள் விடப்படவில்லை, இயந்திரத்தின் பக்கத்திலேயே சாப்பிட்டோம்" என்று இரண்டு பேர் வாக்குமூலம் கொடுத்தால், அந்த அரை மணியும் வேலை நேரம்தான் என்று வாதாட இடம் உண்டு. நடந்தது எதுவோ அது. கணக்குப்பிள்ளை சொன்னது போல எண்ணைப் பெருக்க வேண்டாம், நைட் ஷிப்ட் சொன்னது போல விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

மில் இன்னொரு வாதமும் வைக்கலாம். பழைய சட்டப்படி மூன்று மாதத்துக்கு 50 மணிக்கு மேல் ஓ.டி. வாங்கக் கூடாது, ஆகவே 91 மணி என்பது பொய், எங்கள் ரெஜிஸ்டரில் அப்படி இல்லை என்பார்கள். வரம்பு மீறி வேலை வாங்கியது அவர்கள் குற்றம். அதைக் காட்டிச் சம்பளத்தை மறுக்க முடியாது. கொரோனா காலத்தில் குஜராத் அரசு தொழிற்சாலைகளுக்கு ஓ.டி. இரட்டை ரேட்டிலிருந்து விலக்குக் கொடுத்தது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, வேலை செய்தவர்களுக்கு ஓ.டி.யைக் கொடு என்று உத்தரவிட்டது. நெருக்கடி, நஷ்டம் என்ற பேச்சு எல்லாம் அங்கேயே எடுபடவில்லை.

சின்ன காண்ட்ராக்டர்:
எல்லோரும் காண்ட்ராக்டரையே கரித்துக்கொட்டுகிறீர்கள். எங்கள் கதையையும் கேளுங்கள். நானும் ஆள் அனுப்புகிறவன்தான், இவர்கள் சொல்லும் ஆள் நான் இல்லை. கம்பெனி எங்கள் பில்லை மாசக்கணக்கில் நிறுத்தி வைக்கிறது. ரேட் பேசும்போதே ஓ.டி. சிங்கிள் என்றுதான் கொட்டேஷன் கேட்கிறார்கள். டபுள் போட்டால் ஆர்டர் அடுத்தவனுக்குப் போய்விடும். வட்டிக்கு வாங்கி எத்தனை மாதம் சம்பளம் போடுவது?

செங்கொடி:
தோழர், உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் பில் வராதது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள பிரச்சினை. அதற்காகத் தொழிலாளியின் ஏழாம் தேதி தள்ளிப்போகாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். வேலையை விட்டாலோ நிறுத்தினாலோ இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். ராஜினாமா செய்தவருக்கும் அதே இரண்டு நாள்தான் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. "நாற்பத்தைந்து நாள் கழித்து ஃபைனல் செட்டில்மென்ட்" என்பது கம்பெனிகள் தாங்களாகப் பழக்கிக்கொண்டது.

உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கம்பெனி பில்லை நிறுத்தியதற்கான மெயிலை லேபர் ஆபீசில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மில்லை நேராக இழுத்துவிட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

எல்லைக்காரனுக்கு: தம்பி ஒருவன் மட்டும்தானா, கூட வேலை பார்த்தவர்களும் பாக்கியில் நிற்கிறார்களா? ஒரே மனுவில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். பதிவு பெற்ற சங்கமும் அவர்கள் சார்பில் மனுப் போடலாம். எந்தக் கொடியாக இருந்தாலும் பரவாயில்லை, கஞ்சிக்கோட்டில் சங்கம் இல்லாத கேட் அபூர்வம். தனியாக ஒருவன் போய் நின்றால் "நாளைக்கு வா". பன்னிரண்டு பேர் சேர்ந்து போனால் நாற்காலி போடுவார்கள்.

எல்லைக்காரன்:
மொத்தம் ஒன்பது பேர். அதில் நாலு பேர் ஒடிசாக்காரர்கள். மூன்று பேர் ஊருக்கே போய்விட்டார்கள். சாட்சி என்று கேட்டால் எங்களிடம் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது, பே ஸ்லிப் கிடையாது. சம்பளம் பாதி பேங்கில், பாதி கையில்.

பழைய ஃபைல்:
இருப்பதை எல்லாம் தரையில் பரப்பிப் பாருங்கள், நிறையத் தேறும். பேங்க் பாஸ்புக்கில் காண்ட்ராக்டர் பெயரில் வந்த வரவு. ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அதில் வேலையளிப்பவரின் கோட் எண் இருக்கும். பி.எஃப். பாஸ்புக். மில் கேட் பாஸ். ஷிப்ட் சொல்லி சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தப் போனே இருக்க வேண்டும். டூட்டி முடிந்து எடுத்த செல்ஃபியில் நேரமும் இடமும் பதிவாகியிருக்கும். என் காலத்தில் ஒரு ஆள் ஹோட்டல் பற்றுக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். தினம் இரவு எட்டேகாலுக்கு இரண்டு புரோட்டா என்று வரிசையாக எழுதியிருந்தது. அதிகாரி சிரித்துவிட்டு அதையும் ஃபைலில் சேர்த்தார்.

அதைவிட முக்கியம் ஒன்று. ஊதியத் தொகுப்பின் 59-வது பிரிவு, சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் சுமையை வேலையளிப்பவர் மேல் வைக்கிறது. நீங்கள் வேலை செய்ததைக் காட்டினால் போதும். கொடுத்ததற்கான ரெஜிஸ்டரை அவர்கள்தான் நீட்ட வேண்டும். பே ஸ்லிப் தராதது அவர்கள் தவறு, அதை உங்கள் பலவீனம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊருக்குப் போன மூன்று பேரிடமும் இப்போதே ஆதார் நகலும் கையெழுத்தும் வாங்கப் பாருங்கள். ஒருமுறை போனால் திரும்பி வருவார்களா தெரியாது.

கடைவீதி:
நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு எல்லாம் தலைகீழ். வீடு வாளையார் பக்கம், வேலை கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில். சேர்ந்தபோது முதல் மாதச் சம்பளத்தைப் "பிடிப்பு" என்று வைத்துக்கொண்டார்கள். பத்து நிமிஷம் லேட்டானால் அரை நாள் சம்பளம் கட். ஒரு சேலையில் கறை இருந்தது என்று ஃப்ளோரில் இருந்த ஆறு பேர் சம்பளத்திலும் கழித்தார்கள். இப்போது வேலையை விட்டுவிட்டேன். பிடிப்பும் வரவில்லை, கடைசி மாதமும் வரவில்லை. நான் பாலக்காட்டில் கேட்க முடியாதா?

பழைய ஃபைல்:
முடியாதும்மா. உங்களுக்குக் கோயம்புத்தூர்தான். பஸ்ஸில் உக்கடம் இறங்குகிற வேலை உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிப்புச் சம்பளம் என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. அது உங்கள் சம்பளம், தராமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். லேட்டுக்கு வராத நேரத்தின் அளவுக்குத்தான் கழிக்கலாம். அபராதம் என்று போட்டால் மொத்தமே அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கறைக்குக் கழிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். உங்கள் அஜாக்கிரதைதான் காரணம் என்றும் காட்ட வேண்டும். ஆறு பேரிடமும் கழித்தார்கள் என்றால் யார் செய்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? இப்படிப் பிடித்த ஒவ்வொரு ரூபாயையும் மாத வாரியாக எழுதி மனுவில் கேளுங்கள்.

கடைவீதி:
ரொம்ப நன்றி சார். உட்கார விடாததற்கும் ஏதாவது கேட்க முடியுமா?

செங்கொடி:
உட்காரும் உரிமை தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமானது, கேரளாவில் 2018-லேயே. அதற்குத் தனியாகப் பணம் கேட்க முடியாது தங்கச்சி. ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ஒரு புகார் தனியாகப் போடுங்கள். அங்கே இன்னும் நின்றுகொண்டிருக்கிற பிள்ளைகளுக்காகவாவது.

ஆரம்பாக்கம்:
எல்லை என்றவுடன் எல்லோரும் வாளையாரையே பேசுகிறீர்கள். வடக்கே நாங்களும் இருக்கிறோம். வீடு கும்மிடிப்பூண்டி தாலுகா, வேலை ஆந்திரப் பக்கம் ஸ்ரீசிட்டியில். எங்கள் கம்பெனியில் ஓ.டி. கேட்டால் "இது சிறப்புப் பொருளாதார மண்டலம், லேபர் சட்டம் இங்கே வராது" என்கிறார்கள். பாதிப் பேர் நம்பிக்கொண்டும் இருக்கிறார்கள்.

பழைய ஃபைல்:
சுத்தப் பொய். 2005-ம் வருஷத்து சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் 49-வது பிரிவு சில சட்டங்களிலிருந்து விலக்குக் கொடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அதே பிரிவின் வரம்புரை, தொழிற்சங்கம், தொழில் தகராறு, வேலை நிலைமை உள்ளிட்ட தொழிலாளர் நலன், பி.எஃப். போன்ற விஷயங்களில் கை வைக்கக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறது. உங்களுக்கு ஆந்திரா, திருப்பதி மாவட்டம். மனுவைக் கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள்.

சூப்பர்வைசர்_பாவம்:
எங்களைப் போன்ற சூப்பர்வைசர்களுக்கு ஒன்றுமே இல்லையா? "நீ தொழிலாளி இல்லை" என்று சொல்லிவிடுகிறார்களே.

கணக்குப்பிள்ளை:
முன்பு அப்படித்தான். பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. அதைத் தாண்டினால் சிவில் கோர்ட்டில் மூன்று வருஷத்துக்குள் வழக்கு என்பதுதான் வழி. ஊதியத் தொகுப்பில் அந்த வரம்பு இல்லை, சூப்பர்வைசரும் மேனேஜரும் "ஊழியர்" என்ற வரையறைக்குள் வந்துவிட்டார்கள். சம்பள பாக்கிக்கு மனுப் போடலாம். ஓ.டி. கேட்பதில்தான் உங்கள் பதவியை வைத்து வாதம் வரும்.

கசப்பு மாத்திரை:
எல்லோரும் பிரிவு பிரிவாக அடுக்குகிறீர்கள். நடைமுறையைச் சொல்கிறேன். நோட்டீஸ் போகும், கம்பெனி வராது. மறுபடி நோட்டீஸ். வக்கீல் வந்து டைம் கேட்பார். ஒரு வருஷம் போகும். அப்புறம் உத்தரவு வந்தாலும் காண்ட்ராக்டர் பெயரில் ஒரு சொத்தும் இருக்காது. கொடுக்கிற ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேறு வேலையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பழைய ஃபைல்:
நீங்கள் சொல்கிற தாமதம் உண்மைதான், மறுக்கவில்லை. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. முயல வேண்டும் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆபீசில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

ஆனால் சொத்து விஷயத்தில் கை விரிக்க வேண்டாம். உத்தரவுப்படி பணம் தராவிட்டால், அதிகாரி கலெக்டருக்கு வசூல் சான்று அனுப்பலாம். நிலவரி பாக்கி மாதிரி ஜப்தி செய்து வசூலிப்பார்கள். காண்ட்ராக்டரின் வீடு, லாரி எல்லாம் கோயம்புத்தூரில் இருக்கிறதே என்றால், 1890-ம் வருஷத்து வருவாய் வசூல் சட்டம் என்று ஒரு பழைய சட்டம் இருக்கிறது. பாலக்காடு கலெக்டர் கோயம்புத்தூர் கலெக்டருக்குச் சான்று அனுப்பினால், இங்கே ஜப்தி நடக்கும். வெள்ளைக்காரன் தன் வரி ஜில்லா தாண்டி ஓடிவிடக் கூடாது என்று போட்டது, இன்றைக்கு நமக்கு உதவுகிறது. போதாததற்கு மில்லும் எதிர்மனுதாரர். ஃபர்னஸைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட முடியாது.

நஷ்ட ஈடும் உண்டு. பாக்கியின் பத்து மடங்கு வரை விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. "வரை" என்பதைக் கவனியுங்கள். பத்து மடங்கு கொடுத்த அதிகாரியை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த எண் மனுவில் இருந்தால், கம்பெனி வக்கீல் சமரசம் பேச முன்கூட்டியே வருவார்.

கெடு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தில் 12 மாதம், குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் வெறும் 6 மாதம். புதிய தொகுப்பில் 3 வருஷம். தம்பியின் பழைய மாதங்களில் ஓ.டி. பாதிதான் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அந்தப் பாக்கிக்கு எந்தக் கெடு என்று வாதம் வரும். வாதத்துக்கு இடம் வைக்காமல் சீக்கிரம் போட்டுவிடுங்கள்.

எல்லைக்காரன்:
மனு மலையாளத்தில்தான் இருக்க வேண்டுமா? தம்பிக்குப் பேச வரும், எழுத வராது. அவன் படித்தது எல்லாம் தமிழ் மீடியம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
தமிழிலேயே எழுதலாம் தம்பி. குறை தீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவே சொல்கிறது. கேரளாவின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அந்தந்த மொழியில் எழுத வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று, உரிமை இருக்கிறது என்பதற்காக ஃபைலைத் தூங்க விட வேண்டாம். தமிழ் மனுவோடு ஒரு பக்கத்தில் மலையாளச் சுருக்கம் சேர்த்துவிடுங்கள். பெயர், மில், மாதங்கள், தொகை, இவ்வளவு போதும். எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.

வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவைப் பாருங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் இலவச உதவி பெறுவோர் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார், பெண்களும் இருக்கிறார்கள். கடைவீதித் தங்கச்சிக்கும் இது பொருந்தும்.

வாளையார் வேகம்:
சரி, டூல்ஸ் யோசனை வேண்டாம். மில் பெயரைப் போட்டு ஒரு வீடியோ விடலாம் இல்லையா? ஒரே நாளில் பணம் வரும்.

செங்கொடி:
வேகம், நீங்கள் நல்லவர்தான், ஆனால் தம்பியை ஜாமீன் எடுக்க வைத்துவிடுவீர்கள் போல. மனு விசாரணையில் இருக்கும்போது அவதூறு வழக்கு ஒன்றை எதிர்த்தரப்பு கையில் கொடுப்பானேன்?

எல்லைக்காரன்:
தகவல் சொல்ல வந்தேன். ஆறு பேர் சேர்ந்து பாலக்காட்டில் மனுக் கொடுத்துவிட்டோம். டீச்சரம்மா எழுதிய மலையாளப் பக்கத்தையும் சேர்த்தோம். அதற்கு முன்னால் மில்லுக்கும் காண்ட்ராக்டருக்கும் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். பதிவுத் தபால் என்று கேட்டதற்கு, 2025-லேயே அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது என்று கவுன்டரில் சொன்னார்கள். காண்ட்ராக்டருக்கு அனுப்பியது திரும்பி வந்தது. மில்லில் வாங்கிக்கொண்டார்கள்.

முதல் விசாரணைக்கு மில்லிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று மாத அடிப்படைச் சம்பளத்தைச் செக்காகக் கொடுத்துவிடுகிறோம், ஓ.டி. பேச்சை விட்டுவிடுங்கள் என்கிறார். ஆளுக்கு 46,800. இரண்டு பேர் வாங்கிவிடலாம் என்கிறார்கள். தம்பி இரண்டு மனதில் இருக்கிறான்.

கசப்பு மாத்திரை:
வாங்கிவிடுங்கள். நான் எதிர்பார்த்ததைவிட இதுவே அதிகம்.

நைட் ஷிப்ட்:
வாங்கவே கூடாது. ஓ.டி.தான் பாதிப் பணம்.

பழைய ஃபைல்:
வாங்குவதா விடுவதா என்பதைவிட, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வாங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

46,800-ஐ அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதை வாங்கத் தடை இல்லை. "இன்ன மாதங்களின் அடிப்படைச் சம்பளத்துக்காக மட்டும், ஓ.டி. கோரிக்கைக்குப் பாதகமில்லாமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மனு ஓ.டி.க்காகத் தொடரட்டும். வீட்டுக்கு வந்து நீட்டிய வவுச்சர் மாதிரி "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று தனியாக எழுதி வாங்கினால், சட்டப்படி வரவேண்டியதை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று ஊதியத் தொகுப்பின் 60-வது பிரிவைக் காட்டலாம். ஆனால் அதிகாரி முன்னிலையில் சமரச ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் கதை வேறு. அது உங்களைக் கட்டும். அதனால் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் யாராவது தமிழில் படித்துச் சொன்ன பிறகே பேனாவைத் தொட வேண்டும்.

செக் என்றால், மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். திரும்பினால், பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் செக் மோசடி வழக்கு. டி.டி.யாகவோ நேரே அக்கவுன்டிலோ கேட்டால் இந்தத் தலைவலி இல்லை.

எல்லைக்காரன்:
அப்படியே செய்தோம். தம்பியும் இன்னும் மூன்று பேரும் அந்த வாசகத்தோடு அக்கவுன்டில் வாங்கினார்கள். மில் ஆள் முகம் சுளித்தார், ஆனால் அதிகாரி "எழுதட்டும்" என்றார். இரண்டு பேர் ஓ.டி.யை விட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் மகளுக்குக் கல்யாணம், குறை சொல்ல முடியாது. ஓ.டி.க்கு அடுத்த தேதி போட்டிருக்கிறது. ஷிப்ட் ரெஜிஸ்டரையும் கேட் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லி மில்லுக்கு உத்தரவு.

கடைசியாக ஒன்று. சம்பளத்தில் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், பாஸ்புக்கில் வரவே இல்லை. இதையும் அந்த அதிகாரியிடமே கேட்கலாமா?

கணக்குப்பிள்ளை:
இல்லை, அது தனி வழி. பி.எஃப். ஆபீசுக்கு ஆன்லைனில் புகார் போடுங்கள். பிடித்த மாதத்தின் சம்பள விவரத்தையும் பாஸ்புக் பக்கத்தையும் இணையுங்கள். அங்கேயும் காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே இரண்டு பங்கையும் கட்ட வேண்டும் என்றுதான் பி.எஃப். திட்டத்தின் 30-வது பத்தி சொல்கிறது, ஆகவே மில்லின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். காண்ட்ராக்டரின் கோட் எண் எந்த ஊர் ஆபீசில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கோயம்புத்தூரில் இருந்தால் புகாரை அங்கே அனுப்ப வேண்டி வரும்.